அமெரிக்க டிசைன் பேட்டன்டில் ஃபைனல் ரிஜெக்‌ஷன்: சி.பி.ஏ.யா, கன்டினியூவேஷனா, அப்பீலா?

"அண்ணா, ஃபைனல் ரிஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஆர்.சி.இ. போட்டு இழுத்துக்கொள்ளலாம்தானே?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும், பொருள் வேலை செய்யும் விதத்துக்குக் கிடைக்கும் யூட்டிலிட்டி பேட்டன்ட் வேலையில் பழகியவர்கள். யூட்டிலிட்டி விண்ணப்பம் இறுதியாக மறுக்கப்பட்டால், ஆர்.சி.இ. (Request for Continued Examination, பரிசீலனையைத் தொடரக் கேட்பது) என்ற கோரிக்கையைக் கட்டணத்தோடு போட்டு அதே கோப்பை, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலரான எக்ஸாமினரின் மேசைக்கே திருப்பி அனுப்பலாம். பொருளின் தோற்றத்துக்கு உரிமை கோரும் டிசைன் விண்ணப்பத்துக்கு அந்த வழி கிடையாது. போட்டால், செல்லாது என்று ஒரு நோட்டீஸ் வரும்.

நோட்டீஸ்தானே, வரட்டும் என்று விட்டுவிட முடியாது. செல்லாத ஆர்.சி.இ. கெடுவை நிறுத்தி வைக்காது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு டிசைன் கோப்புக்கு இப்படி ஆர்.சி.இ. போய்விட்டது. பதில் போயாகிவிட்டது என்று கெடுப் பட்டியலான டாக்கெட்டில் குறித்துவிட்டு எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். நோட்டீஸ் கைக்கு வந்தபோது ஆறு மாதக் கெடு முடிய நான்கு நாள்தான் மீதி. மூன்று மாத நீட்டிப்புக் கட்டணத்தையும் கட்டி, சி.பி.ஏ. (Continued Prosecution Application, அதே எண்ணில் தொடரும் விண்ணப்பம்) போட்டுத்தான் அந்த விண்ணப்பத்தைக் காப்பாற்றினோம். அந்த நான்கு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத அதுவும் ஒரு காரணம்.

டிசைனுக்கு மட்டும் ஏன் தனி வழி? 1997 டிசம்பர் 1 அன்று சி.பி.ஏ. நடைமுறைக்கு வந்தபோது அது எல்லா வகை விண்ணப்பத்துக்கும் பொதுவாக இருந்தது. 2000 மே 29 முதல் ஆர்.சி.இ. வந்தது. அதைக் கொண்டுவந்த சட்டமே டிசைனை வெளியே நிறுத்திவிட்டது. யூட்டிலிட்டிக்காரர்களுக்கு ஆர்.சி.இ. கிடைத்துவிட்டதால் அவர்களுக்கு சி.பி.ஏ. தேவையில்லை என்று 2003 ஜூலை 14 முதல் அதை நிறுத்தினார்கள். டிசைனுக்கு மட்டும் சி.பி.ஏ. தங்கிவிட்டது. ஆர்.சி.இ. இல்லாத இடத்தை நிரப்ப இருப்பது அதுதான். ஆனால் அது ஆர்.சி.இ.யின் இன்னொரு பெயர் இல்லை. உள்ளே வேலை செய்யும் விதம் வேறு.

## எதை வைத்து முடிவு செய்வது

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், எதை எதை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மறுப்பு எதனால் வந்தது என்பது. டிசைன் விண்ணப்பத்தில் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரே வரி: இன்ன பொருளின் அலங்கார வடிவம், படத்தில் காட்டியபடி. ஆக எல்லாம் படம்தான். படங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று 112-ஆம் பிரிவில் மறுத்திருக்கிறாரா, இதே வடிவம் முன்பே இருக்கிறது என்று 102-ல் மறுத்திருக்கிறாரா, பழைய வடிவங்களைப் பார்த்த ஒரு சாதாரண வடிவமைப்பாளருக்கே இது தோன்றியிருக்கும் என்று 103-ல் மறுத்திருக்கிறாரா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

இரண்டாவது, பழைய கோப்பு உயிரோடு இருக்க வேண்டுமா? பலர் கேட்டுக்கொள்ளாமலே விடும் கேள்வி இது. என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பதும் இதுவேதான். சி.பி.ஏ. போட்ட நொடியில் பழைய விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். கன்டினியூவேஷன், அதாவது பழைய தேதியைக் கோரும் தனிப் புது விண்ணப்பம், போட்டால் பழையது தன் பாட்டுக்கு நடக்கும். அந்தப் பழைய கோப்பில் காப்பாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டாலே பாதி குழப்பம் தீரும்.

மூன்றாவது, கெடு. ஃபைனல் ரிஜெக்‌ஷன் தேதியிலிருந்து மூன்று மாதம் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் மாதத்துக்கு மாதம் நீட்டிப்புக் கட்டணம், அதிகபட்சம் ஆறு மாதம். அந்த ஆறு சட்டம் வைத்த எல்லை, அதற்கு மேல் நீட்டிக்க வழியில்லை.

அப்புறம் காசு. 2025 ஜனவரி 19 அன்று கட்டணங்கள் உயர்ந்தன. அந்தப் பட்டியலைத்தான் கீழே வைத்திருக்கிறேன். சிறு நிறுவனங்களுக்கு 60 விழுக்காடு, அதிலும் சிறியவர்களான மைக்ரோ நிலைக்காரர்களுக்கு 80 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அட்டர்னிக் கட்டணமும் படம் வரைபவரின் கூலியும் இதில் சேராது.

கடைசியாக, சந்தையில் யாராவது உங்கள் வடிவத்தை நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்களா? டிசைன் பேட்டன்ட் கையில் வரும்வரை அவர்கள்மேல் வழக்குப் போட முடியாது. 2015 மே 13 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு ஆயுள் 15 ஆண்டு. அது வழங்கிய நாளிலிருந்துதான் ஓடும், தாக்கல் செய்த நாளிலிருந்து இல்லை. ஆகவே தாமதத்தால் ஆயுள் குறையாது. நகல்காரர் விற்றுத் தள்ளும் மாதங்கள்தான் நட்டம்.

| வழி | பழைய கோப்பு | அரசுக் கட்டணம்: முழு / சிறு / மைக்ரோ (டாலர்) | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|
| ஃபைனலுக்குப் பின் பதில் | அதுவேதான் | 3 மாதத்துக்குள் இல்லை | சின்னத் திருத்தம், எக்ஸாமினரே வழி காட்டியிருக்கிறார் |
| சி.பி.ஏ. | கைவிடப்படும் | 1,300 / 520 / 260 | எதுவும் அனுமதி ஆகவில்லை, திருத்தம் உள்ளே போக வேண்டும் |
| கன்டினியூவேஷன், டிவிஷனல் | உயிரோடு இருக்கும் | 1,300 / 520 / 260 | ஒரு வடிவம் தேறிவிட்டது, இன்னொன்றும் வேண்டும் |
| அப்பீல் | உயிரோடு இருக்கும் | 905 / 362 / 181, பிறகு 2,535 / 1,014 / 507 | படத்தில் குறையில்லை, எக்ஸாமினரின் சட்டப் பார்வையில்தான் குறை |
| புதிதாகத் தாக்கல் | விட்டுவிடலாம் | 1,300 / 520 / 260 | படத்தைச் சரிசெய்யவே முடியாது, பொருளை முதலில் வெளியே காட்டியதிலிருந்து ஓராண்டு இன்னும் ஆகவில்லை |

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவையில் டேபிள் டாப் வெட் கிரைண்டர் செய்பவர் ஒருவர். அமெரிக்காவில் உள்ள நம் வீடுகளுக்கு விற்கிறார். ஏழு படத்தோடு டிசைன் விண்ணப்பம் போட்டிருக்கிறார். முதல் படத்தில், சாய்கோணத்தில், மூடியின் குமிழுக்கு நடுவே சின்னக் குழி தெரிகிறது. மேலிருந்து பார்க்கும் ஆறாம் படத்தில் அந்தக் குமிழ் தட்டையாக இருக்கிறது. படம் வரைந்தவர் ஒரு வட்டத்தை விட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு வட்டத்துக்காக 112-ல் மறுப்பு.

## வழி 1: ஃபைனலுக்குப் பின் ஒரு பதில்

காசு செலவில்லாத வழி இது, அதனால் முதலில் இதை முயன்று பாருங்கள். எக்ஸாமினரைத் தொலைபேசியில் பிடித்துப் பேசிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. டிசைன் எக்ஸாமினர்கள் பலர், எந்தக் கோட்டை எப்படி மாற்றினால் ஒத்துக்கொள்வோம் என்று உத்தரவிலேயே எழுதிவிடுவார்கள்.

நம் கிரைண்டர் குமிழுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை, அந்தக் குமிழை டாட்டட் லைனாக மாற்றிவிடுங்கள் என்பதுதான். டாட்டட் லைனில் இருப்பது பொருளின் பகுதி, ஆனால் நாம் உரிமை கோரும் வடிவத்தின் பகுதி இல்லை. குமிழ் தெளிவில்லை என்றால் அதை உரிமையிலிருந்து விலக்கிவிடுகிறோம். மீதி கிரைண்டர் நமக்கு.

இதில் ஒரு மறைவான விஷயம். ஃபைனலுக்குப் பின் வரும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ள எக்ஸாமினருக்குக் கட்டாயம் இல்லை. முழுக்கோடு டாட்டட் லைன் ஆனால் உரிமையின் எல்லை மாறுகிறது, மறுபடி தேட வேண்டும் என்று சொல்லி அட்வைசரி ஆக்‌ஷன் என்ற அறிவிப்போடு திருப்பிவிடலாம். அதனால்தான் பதிலை இரண்டு மாதத்துக்குள் அனுப்பச் சொல்கிறேன். அப்படி அனுப்பியிருந்து, அட்வைசரி ஆக்‌ஷன் மூன்று மாதம் தாண்டி வந்தால், நீட்டிப்புக் கட்டணம் அட்வைசரி தேதியிலிருந்துதான் கணக்காகும். இரண்டரை மாதத்தில் அனுப்பினால் அந்தச் சலுகை இல்லை. எக்ஸாமினர் யோசித்துக்கொண்டிருக்கும் நாட்களுக்கும் நீங்களே கட்ட வேண்டும்: ஒரு மாதத்துக்கு 235 டாலர், இரண்டுக்கு 690, மூன்றுக்கு 1,590.

ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கையில் வந்த காகிதம் உண்மையிலேயே ஃபைனல் ரிஜெக்‌ஷன்தானா என்று பாருங்கள். வடிவம் தேறிவிட்டது, படத்தாளில் சில முறைக் குறைகள் மட்டும் பாக்கி என்று இரண்டு மாதக் கெடுவோடு வருவது க்வேல் ஆக்‌ஷன். அதற்கு சி.பி.ஏ. போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம், குறையைச் சரிசெய்து அனுப்பினால் போதும்.

## வழி 2: சி.பி.ஏ.

அட்வைசரி ஆக்‌ஷனில் திருத்தம் ஏற்கப்படவில்லை. படத்தைச் சரிசெய்யவும் வழி இருக்கிறது. பழைய கோப்பில் காப்பாற்ற எதுவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை, சி.பி.ஏ.தான்.

இதன் அருமை எளிமையில் இருக்கிறது. விண்ணப்ப எண் மாறாது, கோப்பு மாறாது. படம், விவரணை, கண்டுபிடிப்பாளரின் உறுதிமொழி, அட்டர்னிக்கான அதிகாரம், முன்பு முறையாகக் கொடுத்த ஐ.டி.எஸ். (நமக்குத் தெரிந்த முந்தைய வடிவங்களின் பட்டியல்) எல்லாம் அப்படியே தொடரும். முந்தைய விண்ணப்பத்தின் தேதியைக் கோரத் தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டாம், சி.பி.ஏ. கோரிக்கையே அந்தக் குறிப்பு என்று விதி சொல்கிறது. சி.பி.ஏ.வுக்குப் பிறகு இன்னொரு சி.பி.ஏ.யும் போடலாம்.

ஆனால் சறுக்கும் இடங்கள் இதில்தான் அதிகம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கோரிக்கை தனித் தாளில் இருக்க வேண்டும். பதில் கடிதத்தின் கடைசிப் பத்தியில், இதை சி.பி.ஏ.யாகவும் கொள்ளவும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் சி.பி.ஏ. தேதி கிடைக்காது. அதற்கென்று படிவம் இருக்கிறது, அதை நிரப்புங்கள்.

ஏற்கப்படாத பழைய திருத்தம் தானாக உள்ளே வராது. குமிழை டாட்டட் லைனாக்கிய படம் ஃபைனலுக்குப் பின் ஏற்கப்படவில்லை என்றால், சி.பி.ஏ. போடும்போது அதை ஏற்கும்படி கேட்க வேண்டும், அல்லது புதிதாக ஒரு முன்திருத்தம் கொடுக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டால் எக்ஸாமினர் பார்ப்பது அதே பழைய குழி உள்ள குமிழைத்தான். அப்போது அவர் முதல் உத்தரவையே ஃபைனலாகப் போட முடியும். 1,300 டாலர் கட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்போம்.

சிறு நிறுவனச் சலுகையைச் சி.பி.ஏ.விலும் மறுபடி கோர வேண்டும், மைக்ரோ என்றால் மறுபடி சான்றளிக்க வேண்டும். பழைய கோப்பில் இருந்ததே என்று விட்டுவிடக் கூடாது. இடையில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்திருந்தால் அந்தத் தகுதியே போயிருக்கும்.

மூன்று மாதம் தாண்டியிருந்தால் சி.பி.ஏ. கட்டணம் மட்டும் போதாது, பழைய விண்ணப்பத்துக்கான நீட்டிப்புக் கட்டணமும் வேண்டும். சி.பி.ஏ. போடும் நாளில் பழையது உயிரோடு இருந்தாக வேண்டும், அதற்குத்தான் நீட்டிப்பு. ஆறாம் மாதம் போடுபவருக்கு முழுக் கட்டணத்தில் 1,300-ம் 1,590-ம் சேர்ந்து 2,890 டாலர். அதே வேலையை மூன்றாம் மாதத்துக்குள் செய்தவருக்குப் பாதிக்கும் குறைவு.

சி.பி.ஏ.வில் புதிய கண்டுபிடிப்பாளர் பெயரைச் சேர்க்க முடியாது, குறைக்கலாம். புதிய விஷயம் எதையும் படத்தில் நுழைக்க முடியாது. பேட்டன்ட் வழங்குவதற்கான இஷ்யூ கட்டணம் கட்டிவிட்ட பிறகு, தனி மனு ஏற்கப்பட்டால் ஒழிய, சி.பி.ஏ. போட முடியாது. பல நாடுகளுக்கு ஒரே விண்ணப்பம் போடும் ஹேக் ஒப்பந்தத்தின் வழியே அமெரிக்காவைக் குறித்து வந்த சர்வதேச டிசைன் விண்ணப்பத்துக்கு சி.பி.ஏ. கிடையவே கிடையாது. அவர்களுக்குக் கன்டினியூவேஷன்தான்.

## வழி 3: கன்டினியூவேஷன், டிவிஷனல்

இது புது எண், புது கோப்பு. படம், விவரணை, விண்ணப்பத் தரவுத் தாள் எல்லாம் புதிதாகப் போக வேண்டும். கட்டணம் சி.பி.ஏ.வுக்கு ஆகும் அதே தொகை. அப்படியானால் எதற்கு இந்தக் கூடுதல் உழைப்பு? பழையது உயிரோடு இருக்கிறதே, அதற்காகத்தான்.

கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். குமிழ்ப் பிரச்சினை தீர்ந்து முழு கிரைண்டரின் வடிவமும் தேறிவிட்டது. இதற்குள் சந்தையில் ஒருவர் டிரம்மின் வளைவை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு, அடிப்பாகத்தைச் சதுரமாக்கி விற்கிறார். முழு கிரைண்டருக்கான பேட்டன்டை வைத்து அவரைப் பிடிப்பது கடினம். பேட்டன்ட் வழங்கப்படும் முன்பே, டிரம்மை மட்டும் முழுக்கோட்டில் வைத்து, மற்றதெல்லாம் டாட்டட் லைனில் போட்டு ஒரு கன்டினியூவேஷன் தாக்கல் செய்தால், டிரம்முக்கே தனி உரிமை கேட்கலாம், பழைய தேதியோடு. அது தேறினால் அதற்கும் அது வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று எக்ஸாமினர் சொன்னால், இரண்டும் ஒன்றாக முடியும்படி ஆயுளை விட்டுக்கொடுக்கும் டெர்மினல் டிஸ்கிளெய்மர் கேட்பார். இந்த இடத்தில் சி.பி.ஏ. போட்டால் தேறிய பேட்டன்டைக் கையில் வாங்கிக் கீழே போட்டதற்குச் சமம்.

கோட்டை எங்கே வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எல்லை புரியும். 1998-ல் டேனியல்ஸ் வழக்கு. இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைப் பிடிக்கும் ஒரு சாதனத்தின் வடிவம், அதன் மேல் இலை அலங்காரம். தொடர் விண்ணப்பத்தில் இலையை எடுத்துவிட்டு சாதனத்தை மட்டும் கோரினார். அடியில் இருக்கும் சாதனம் முதல் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தது, பழைய தேதி உண்டு என்றது, பேட்டன்ட் மேல்முறையீடுகளைக் கேட்கும் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம். 2013-ல் ஓவன்ஸ் வழக்கு, ஒரு பாட்டிலின் வடிவம். தொடர் விண்ணப்பத்தில் பாட்டிலின் முன்பலகைக்குக் குறுக்கே ஒரு புதிய டாட்டட் லைன் போட்டு, அதற்கு மேலே உள்ள பகுதியை மட்டும் கோரினார்கள். முதல் படத்தில் அந்த இடத்தில் எந்தக் கோடும் இல்லை, எந்த விளிம்பும் இல்லை. பழைய தேதி கிடையாது என்று தீர்ப்பு. தேதி போனதால், தாங்களே முன்பு விற்ற பாட்டிலே அவர்களுக்கு எதிரான ஆதாரம் ஆனது. ஆகவே டிரம்முக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே உள்ள இயல்பான விளிம்பில் பிரியுங்கள். வழவழப்பான பரப்பின் நடுவே கற்பனைக் கோடு போடாதீர்கள்.

முதல் விண்ணப்பத்தில் பல வடிவங்களைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று எக்ஸாமினர் கட்டுப்பாடு விதித்திருந்தால், விட்ட வடிவங்களுக்குப் போடுவது டிவிஷனல். இதைப் போடாமல் விடுவதன் விலை பிறகுதான் தெரியும். படகின் முன்கண்ணாடி பற்றிய 2014-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று உண்டு, பசிஃபிக் கோஸ்ட் மரைன் எதிர் மாலிபு போட்ஸ். காற்றுத் துளைகள் பல எண்ணிக்கையில் காட்டப்பட்டிருந்தன. நான்கு துளை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், துளையே இல்லாததற்கு டிவிஷனல் போட்டார்கள், இரண்டு துளை வடிவத்தை விட்டுவிட்டார்கள். பிற்பாடு மூன்று துளையோடு ஒருவர் விற்றார். அப்படி விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது என்ற கொள்கை டிசைன் பேட்டன்டுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது அதில்தான். மூன்று துளை, விட்டுக்கொடுத்த வடிவத்துக்குள் வராது என்பதால் உரிமையாளர் அந்த முறை தப்பித்தார். எதிராளி இரண்டு துளை வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

கன்டினியூவேஷனில் எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம்: பழைய விண்ணப்பத்தின் குறிப்பு விண்ணப்பத் தரவுத் தாளில் சரியாக இருந்தாக வேண்டும். ஓர் எண் தப்பினாலும் தேதி போய்விடும் அபாயம் உண்டு. நான் அந்த எண்ணைத் தாளில் பார்த்து ஒருமுறை, பேட்டன்ட் அலுவலகத் தளத்தில் பார்த்து ஒருமுறை, சத்தமாகப் படித்து ஒருமுறை சரிபார்ப்பேன். இதற்குச் சோம்பல்படவே கூடாது.

புதிய விஷயத்தையும் சேர்த்துப் போடும் தொடர் விண்ணப்பமான சி.ஐ.பி. பற்றிக் கேட்பவர்களுக்கு: டிசைனில் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. கோரும் வடிவம் மாறிவிட்டால் பழைய தேதி கிடைக்காது. தேதி கிடைக்காத தொடர்ச்சியால் உங்களுக்கு என்ன லாபம்?

## வழி 4: அப்பீல்

ஒரு கோரிக்கை இரண்டு முறை மறுக்கப்பட்டாலே அப்பீலுக்குப் போகலாம், ஃபைனல் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்பீல் நோட்டீஸ், இரண்டு மாதத்தில் வாதுரை, எக்ஸாமினரின் பதில், பிறகு பெரிய கட்டணம், பிறகு நீண்ட காத்திருப்பு. அட்டர்னிக் கட்டணம் அரசுக் கட்டணத்தை விடப் பல மடங்கு ஆகலாம்.

அப்படியும் இதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. படத்தைத் திருத்தினால் உங்கள் உரிமையே சுருங்கிவிடும், எக்ஸாமினரின் சட்டப் பார்வை தவறு என்று உங்களுக்கும் அட்டர்னிக்கும் உறுதி என்றால், சி.பி.ஏ. மேல் சி.பி.ஏ. போட்டு அதே எக்ஸாமினரிடம் முட்டிக்கொள்வதில் பயனில்லை.

சர்ஜிசில் வழக்கைப் பாருங்கள். உதட்டுக்குள் வைக்கும் இம்பிளான்டின் வடிவம். ஓவியர்கள் வண்ணத்தைத் தேய்க்கப் பயன்படுத்தும் ஸ்டம்ப் என்ற காகிதக் குச்சி பார்க்க அதேபோல் இருக்கிறது என்று 102-ல் மறுத்தார்கள். மேல்முறையீட்டு வாரியமும் அதையே சொன்னது. 2021-ல் ஃபெடரல் சர்க்யூட் அதைத் தள்ளியது: கோரியது உதட்டு இம்பிளான்டின் வடிவம், குச்சி வேறு பொருள். எந்தப் படத்திருத்தத்தாலும் கிடைக்காத வெற்றி அது. மாட்டிட்டா வழக்கிலும் அப்படித்தான். செருப்பின் அடிப்பகுதியை ஒரே படத்தில், தட்டையாகப் பார்க்கும் கோணத்தில் மட்டும் காட்டியிருந்தார். ஆழம் தெரியவில்லை என்று 112-ல் மறுப்பு. அடிப்பகுதியின் வடிவத்தைத் தட்டைப் படத்திலேயே புரிந்துகொள்ளலாம் என்று 2018-ல் நீதிமன்றம் ஏற்றது. விண்ணப்பம் போட்டது 2011-ல். ஏழு ஆண்டு. அவ்வளவு நாள் உங்கள் பொருள் சந்தையில் நிற்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். யூட்டிலிட்டியில் இந்தத் தாமதத்துக்கு ஆயுள் கூட்டித் தருவதுண்டு, டிசைனுக்கு அது கிடையாது. வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு என்பதே ஆறுதல்.

103-ல் மறுப்பு என்றால் 2024 மே 21 தீர்ப்பை மறக்க வேண்டாம். எல்.கே.க்யூ. எதிர் ஜி.எம். வழக்கில் ஃபெடரல் சர்க்யூட்டின் முழு அமர்வு, டிசைனுக்கென்று இருந்த பழைய ரோசன்–டர்லிங் சோதனையைக் கைவிட்டது. முன்பு, கிட்டத்தட்ட அதேபோன்ற ஒரு முதன்மை வடிவத்தை எக்ஸாமினர் காட்டினால்தான் 103 நிற்கும். இப்போது அந்தக் கட்டு தளர்ந்துவிட்டது. பழைய தீர்ப்புகளை வைத்து அப்பீலில் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் மறுபடி யோசியுங்கள்.

அப்பீல் நோட்டீஸோடு, வாதுரைக்கு முன் ஒரு கூட்டு மறுபார்வை கேட்டு ஐந்து பக்கக் குறிப்பு கொடுக்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. எக்ஸாமினரின் தவறு பளிச்சென்று தெரிவதாக இருந்தால் இந்த ஐந்து பக்கமே வேலையை முடித்துவிடும். அப்பீல் நடக்கும்போது மனம் மாறினால் சி.பி.ஏ.வுக்குத் திரும்பவும் வழி உண்டு. ஆனால் கட்டிய கட்டணம் திரும்பாது.

## வழி 5: புதிதாகவே தாக்கல்

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. படத்தில் உள்ள குறையைச் சரிசெய்ய, முதல் படத்தில் இல்லாத ஒன்றை வரைந்தாக வேண்டும் என்றால் அது புதிய விஷயம். சி.பி.ஏ. உதவாது, கன்டினியூவேஷனும் உதவாது. பொருளை நீங்கள் முதன்முதலாக வெளியே காட்டி அல்லது விற்று இன்னும் ஓராண்டு ஆகவில்லை என்றால், சரியான படங்களோடு புது விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கட்டணம் அதேதான். தேதி புதியது, அதுவே இதன் விலை: நடுவில் வேறு யாராவது அதேபோன்ற வடிவத்தை வெளியிட்டிருந்தால் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

அமெரிக்காவில் சாதாரண டிசைன் விண்ணப்பங்கள் வழங்கப்படும் முன் வெளியிடப்படுவதில்லை. ஆகவே கைவிட்ட பழைய விண்ணப்பம் உங்கள் புதியதற்கு எதிரியாக வராது. ஓராண்டு தாண்டிவிட்டதா, இந்தக் கதவு மூடிவிட்டது. அப்போது குறையுள்ள பகுதியை டாட்டட் லைனாக்கி, கிடைத்த வரை உரிமையை வாங்கிக்கொள்வதே மேல்.

## கெடு நாளில் சென்னைக் கடிகாரம்

சி.பி.ஏ. கோரிக்கையைத் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்புபவர்கள் கவனிக்க: இன்ன தேதியில் தபாலில் சேர்த்தேன் என்று கையெழுத்திடும் சான்று சாதாரணப் பதில்களுக்குச் செல்லும், சி.பி.ஏ.வுக்குச் செல்லாது. விண்ணப்பத் தேதி பெற வேண்டிய எதற்கும் அது செல்லாது. பேட்டன்ட் அலுவலகத்தின் பேட்டன்ட் சென்டர் தளத்தில் ஏற்றிவிடுவதுதான் நிம்மதி.

அங்கே தேதி கணக்காவது அமெரிக்கக் கிழக்கு நேரத்தில். கெடு நாள் நள்ளிரவு என்பது கோடையில் நமக்கு மறுநாள் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. அதாவது கெடு தேதி முடிந்து விடிந்த பிறகும் உங்களுக்கு ஒரு காலை நேரம் மிச்சம் இருக்கும். அந்தக் காலையை நம்பித் தூங்கிவிடாதீர்கள். படத்தாள் ஏறாமல் அடம்பிடிப்பதும், கட்டணப் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கும். ஏற்றி முடித்ததும் வரும் ரசீதில் மூன்றைப் பாருங்கள்: பெற்ற தேதி, கோரிக்கைத் தாள் சி.பி.ஏ. என்றே பதிவாகியிருக்கிறதா, புதிய படங்கள் எல்லாப் பக்கமும் ஏறியிருக்கின்றனவா. ஆறாம் படத்தில் அந்தக் குமிழ் டாட்டட் லைனாக இருக்கிறதா என்றும் திறந்து பார்த்துவிடுங்கள்.